கல்லூரியை விட்டுத் துரத்தப்படவிருந்த மாணவர்: ராபர்ட் நோய்ஸ்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு 1970களின் தொழிற்சாலைப் பேருந்துகள் நினைவிருக்கும். விடியற்காலையில் ஒரு கூட்டம் இறங்கும். இன்னொரு கூட்டம் ஏறும். பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய்க்காரர், சீனர், தோட்டப்புறங்களிலிருந்து வந்த நம் தமிழ்ப் பிள்ளைகள். உள்ளே அவர்கள் பார்த்த வேலை, நுண்நோக்கியில் கண் வைத்து, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பொருத்துவது. எட்டு மணி நேரம் அதே வேலை.

அந்தச் சில்லு எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் குறிப்பேட்டில் வரைந்து வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் நோய்ஸ். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இவற்றையெல்லாம் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவர் 20 வயதில் பன்றி ஒன்றைத் திருடியதையும், அதனால் சிறைக்குப் போகும் நிலையில் இருந்ததையும் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

நோய்ஸ் 1927 டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கிறிஸ்துவ சபைப் போதகர். நான்கு மகன்களில் ராபர்ட் மூன்றாமவர். போதகர் சம்பளத்தில் ஆறு பேர் வாழ வேண்டும். சபை மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறும். கடைசியில் கிரின்னல் என்ற சிற்றூரில் வந்து தங்கினார்கள். சுற்றிலும் சோள வயல்கள், பன்றிப் பண்ணைகள், நடுவில் ஒரு சிறிய கல்லூரி.

பிள்ளை சின்ன வயதிலிருந்தே தோற்கப் பிடிக்காதவன். மிகச் சிறு வயதில் மேசைப்பந்தில் தந்தையை வென்றபோது, அப்பா உனக்காக விட்டுக்கொடுத்தாரே என்று தாயார் பாராட்டினாராம். அது அவனுக்கு வலித்துவிட்டது. விளையாடுவது என்றால் வெல்வதற்காகத்தான் விளையாட வேண்டும் என்பது அவன் எண்ணம். 12 வயதில், 1940ஆம் ஆண்டுக் கோடையில், சகோதரருடன் சேர்ந்து ஆள் ஏறக்கூடிய அளவில் ஒரு மிதவை விமானம் செய்து, கல்லூரிக் குதிரை லாயத்தின் கூரையிலிருந்து பறந்து பார்த்தான். பிறகு வானொலிப் பெட்டி ஒன்றைத் தானே செய்தான். பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரையும் ஒரு சுழல்விசிறியையும் பனிச்சறுக்கு வண்டியின் பின்னால் பொருத்தி ஓட்டினான். கடையில் வாங்கக் காசில்லாத வீட்டில் பிள்ளைகள் இப்படித்தான் செய்து பழகுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த கதைதான்.

பள்ளி இறுதியாண்டிலேயே அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கிரின்னல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த கிராண்ட் கேல் என்ற பேராசிரியர், பள்ளி மாணவனான நோய்ஸைத் தம் கல்லூரி வகுப்பில் வந்து உட்கார அனுமதித்தார். இந்த கேல் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் செய்தவர் அல்லர். ஆனால் நோய்ஸின் வாழ்க்கையில் இரண்டு இடங்களில் இவர் இல்லாமல் போயிருந்தால் பிறகு வந்த எதுவும் நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

1945இல் நோய்ஸ் அதே கல்லூரியில் சேர்ந்தார். உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அரசாங்கச் செலவில் படிக்க அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்கு நடுவே இவர் பதினேழு வயதுப் பையன். ஆனால் ஒதுங்கி நிற்கவில்லை. நீச்சல் குழுவில் உயரத்திலிருந்து பாயும் முக்குளிப்பு வீரர்; 1947இல் வட்டாரப் போட்டியில் வெற்றியாளர். ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பார், பாடுவார், நாடகத்தில் நடிப்பார். கணிதம், இயற்பியல் இரண்டையும் முதன்மைப் பாடமாக எடுத்திருந்தார். ஒரே நாளில் இத்தனையும் எப்படி முடிந்தது என்று அவருடன் படித்தவர்கள் வியந்தார்கள்.

பன்றிக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு வசந்த காலத்தில் விடுதி மாணவர்கள் ஹவாய்த் தீவு பாணியில் ஒரு விருந்து நடத்தத் திட்டமிட்டார்கள். அந்த விருந்து என்றால் முழுப் பன்றியைச் சுட்டுப் பரிமாற வேண்டும். பன்றிக்கு எங்கே போவது? நோய்ஸும் அவர் நண்பர் ஒருவரும் இரவில் பக்கத்துப் பண்ணைக்குள் நுழைந்து, சுமார் 25 பவுண்டு எடையுள்ள ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விருந்து சிறப்பாக நடந்தது. மறுநாள் காலை போதை தெளிந்ததும் மனசாட்சி உறுத்தியது. இருவரும் பண்ணைக்குப் போய், எடுத்தது நாங்கள்தான், விலையைக் கொடுத்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பண்ணைக்காரர் அந்த ஊரின் மேயர். அவர் இதை மாணவர் குறும்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐயோவா விவசாய மாநிலம். அங்கே கால்நடைத் திருட்டு கடுங்குற்றம். குறைந்தது ஓராண்டுச் சிறையும் ஒரு டாலர் அபராதமும் உண்டு என்று நோய்ஸின் பெற்றோருக்கே கடிதம் எழுதிவிட்டார். வழக்கு, சிறை, கல்லூரியிலிருந்து நீக்கம் எல்லாம் வரிசையில் நின்றன. போதகர் வீட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை.

கேல் அப்போதுதான் குறுக்கே வந்தார். இந்த மாணவன் தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவன் என்பது அவருக்குத் தெரியும். அவரும் கல்லூரித் தலைவர் சாமுவேல் ஸ்டீவன்சும் மேயரிடம் பேசினார்கள். கல்லூரி பன்றிக்கான பணத்தைக் கொடுத்தது. வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் தண்டனையில்லாமல் விடவில்லை: ஒரு தவணைக்குக் கல்லூரியிலிருந்து இடைநீக்கம், அந்தத் தவணை முடியும்வரை ஊருக்குள்ளும் இருக்கக் கூடாது.

நோய்ஸ் நியூயார்க் போனார். ஈக்விட்டபிள் என்ற ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் கணக்கிடும் வேலை. எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று எண்களை வைத்துக் கணித்து, தவணைப் பணத்தை நிர்ணயிக்கும் பிரிவு. கணிதம் படித்தவருக்கு நல்ல சம்பளம் தரும் தொழில்தான். அதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணமும் முன்பு அவருக்கு இருந்தது. சில மாதங்கள் உட்கார்ந்து பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

அவர் கிரின்னலில் இல்லாத அந்த ஆண்டில்தான் உலகம் கவனிக்காத ஒன்று நடந்தது. அதைப் புரிந்துகொள்ள, அன்றைய மின்னியல் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாத்தா வீட்டுப் பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே மின்விளக்கு போன்ற கண்ணாடிக் குழாய்கள் இருந்தது தெரியும். வால்வு என்பார்கள். காற்றில்லாத அந்தக் குழாய்க்குள் ஒரு கம்பி சூடாகி மின்னணுக்களை வெளிவிடும். அவற்றின் ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். வானொலி, ரேடார், தொலைபேசித் தொடர்பு எல்லாம் இதை நம்பித்தான் இயங்கின. 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். எடை 30 டன். சூடு தாங்காமல் வால்வுகள் எரிந்துபோகும். எது போனது என்று தேடுவதே ஒரு வேலை.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டனும், அவர்கள் குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லியின் பிரிவில், ஜெர்மேனியம் என்ற திடப் பொருளின் சிறு துண்டைக் கொண்டே வால்வின் வேலையைச் செய்து காட்டினார்கள். கண்ணாடி இல்லை, வெற்றிடம் இல்லை, சூடேறக் காத்திருக்கவும் வேண்டாம். அதற்கு டிரான்சிஸ்டர் என்று பெயர் வைத்து 1948 ஜூன் 30ஆம் நாள் பத்திரிகைகளுக்கு அறிவித்தார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அதை வானொலி நிகழ்ச்சிச் செய்திகளுக்கு நடுவே சில பத்திகளில் போட்டு முடித்துக்கொண்டது.

கிரின்னலில் இருந்த கேல் அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொண்டார். பார்டீன் அவர் குடும்பத்துக்குப் பழக்கமானவர். பெல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆலிவர் பக்லியோ கிரின்னல் கல்லூரியின் முன்னாள் மாணவர். இந்த உறவுகளைப் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பக் கட்டுரைகளைக் கேட்டு வாங்கினார் கேல். 1949இன் தொடக்கத்தில் இடைநீக்கம் முடிந்து நோய்ஸ் திரும்பியபோது, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களிலேயே பேசப்படாத ஒரு பொருளை அந்தச் சிற்றூர்க் கல்லூரியில் பாடமாக வைத்திருந்தார்கள். பாடப்புத்தகம் கிடையாது. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து கட்டுரைகளை வாசித்துப் புரிந்துகொள்ள முயன்றார்கள்.

நோய்ஸ் அதில் மூழ்கிப் போனார். அணுகுண்டைப் போலவே இதுவும் பழைய எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. இழந்த தவணையைச் சரிக்கட்டி, வகுப்புத் தோழர்களுடன் அதே ஆண்டு பட்டம் பெற்றார். குறைந்த உழைப்பில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்று சக மாணவர்கள் வேடிக்கையாக அவருக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள்.

1949 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். (அதற்கு அடுத்த மாதம்தான் இங்கே மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. பொறியியல் படிக்க விரும்பிய நம் மாணவர்களுக்கு அதில் அப்போது இடம் இல்லை. அந்தத் துறை சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.) எம்.ஐ.டி. அன்று மின்னியலின் தலைநகரம். போர்க்காலத்தில் ரேடார் ஆய்வு நடந்த இடம். வேர்ல்விண்ட் என்ற மாபெரும் கணினியை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எல்லாமே வால்வு. டிரான்சிஸ்டர் பற்றிக் கேட்டால் சொல்லித் தர அங்கே யாரும் இல்லை. சிறிய கல்லூரியிலிருந்து வந்த நோய்ஸுக்கு முதலில் மூச்சுத் திணறியது. அடிப்படைகளில் சக மாணவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். பணமும் இழுபறிதான். அந்த ஆண்டு முடிவதற்குள் தேறிவிட்டார். வேகமாகப் புரிந்துகொள்வதைப் பார்த்து நண்பர்கள் விரைவு ராபர்ட் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவருக்குத் தேவையான பாடம் வகுப்பில் இல்லாததால், அதற்கு மிக அருகில் இருந்த திடப்பொருள் இயற்பியலை எடுத்துக்கொண்டார். மாநாடுகளுக்குப் போய் ஷாக்லி, பார்டீன் போன்றோர் பேசுவதைக் கேட்டார். பொருள்களின் மேற்பரப்பில் மின்னணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது ஆய்வேட்டின் பொருள். 1953இல் முனைவர் ஆனார். மாணவர் இசை நாடகம் வழியே அறிமுகமான எலிசபெத் பாட்டம்லியை அதே ஆண்டு மணந்தார்.

பெல் ஆய்வுக்கூடம் போன்ற பெரிய இடங்கள் வேலை தரத் தயாராக இருந்தன. அவர் தேர்ந்தெடுத்தது பிலடெல்பியாவில் இருந்த ஃபில்கோ என்ற வானொலி நிறுவனம். சம்பளமும் குறைவு. பெரிய இடத்தில் நூற்றில் ஒருவராக இருப்பார்; இங்கே இவர் இல்லாமல் வேலை நடக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

1956 ஜனவரியில் ஷாக்லியிடமிருந்து தொலைபேசி வந்தது. கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்குவதாகவும், வரும்படியும் அழைத்தார். கடவுளே கூப்பிட்டது போல இருந்தது நோய்ஸுக்கு. நேர்காணலுக்குப் போன அன்று காலையிலேயே வீட்டை வாங்கிவிட்டுப் பிற்பகலில் ஷாக்லியைப் பார்க்கப் போனார் என்று ஒரு கதை உண்டு. வேலை கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு அப்போது பழத்தோட்டங்கள் நிறைந்த இடம். சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பெயர் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அந்த ஆண்டு இறுதியில் ஷாக்லி, பார்டீன், பிராட்டன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஷாக்லி மேதை, அதில் ஐயமில்லை. ஆனால் ஆட்களை நடத்தத் தெரியாதவர். ஊழியர்களின் சம்பளத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சிறு விபத்து ஒன்றை யாரோ வேண்டுமென்றே செய்ததாகச் சந்தேகித்து, பொய் கண்டறியும் கருவியில் ஊழியர்களைச் சோதிக்க வேண்டும் என்றார். 1956 ஆகஸ்ட்டில் நோய்ஸ் ஒரு புதிய கருத்தைக் குறிப்பேட்டில் எழுதி அவரிடம் காட்டினார். மின்னணுக்கள் தாண்ட முடியாத தடையை ஊடுருவிச் செல்லும் ஒரு புதுவகை டையோடு அது. ஷாக்லி ஆர்வம் காட்டவில்லை. நோய்ஸ் அதை மூடி வைத்துவிட்டார். அதே பொருளை ஜப்பானில் லியோ எசாகி என்பவர் தனியாகக் கண்டறிந்து 1958இல் வெளியிட்டார். 1973இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மேலதிகாரி ஒருவர் தலையாட்டாததால் கைநழுவிய பரிசு அது. பிற்காலத்தில் நோய்ஸின் கீழ் வேலை செய்த இளம் பொறியாளர்கள் எந்த யோசனையோடு வந்தாலும் அவர் பொறுமையாகக் கேட்டார் என்று சொல்கிறார்கள். அந்தப் பழக்கம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ஷாக்லியை விட்டு ஒன்றாக வெளியேறினார்கள். நோய்ஸ் கடைசியாகத்தான் சேர்ந்தார். தலைமை தாங்க ஆள் வேண்டும் என்று மற்ற ஏழு பேரும் அவரை இழுத்தார்கள். வயது 29. துரோக எட்டு என்று அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. பண உதவி கேட்டு முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகியும் கிடைக்கவில்லை. கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்டு என்ற தொழிலதிபர் இசைந்தார். இந்தப் பொருளுக்கு மூலப்பொருள் மணலும் கம்பியும்தான். ஆகவே ஒருநாள் இது தூக்கி எறியும் விலைக்கு வரும் என்று நோய்ஸ் அவருக்கு விளக்கியிருந்தார். ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் பிறந்தது. சில நாள்களில் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவ, அமெரிக்க ராணுவமும் விண்வெளித் துறையும் சிறிய, எடை குறைந்த மின்கருவிகளைத் தேடி ஓடின. முதல் வாடிக்கையாளர் ஐ.பி.எம். நூறு டிரான்சிஸ்டர்கள், ஒன்றுக்கு 150 டாலர்.

சில்லு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டிரான்சிஸ்டர் சிறிதாகிவிட்டது, ஆனால் ஒரு கருவிக்கு ஆயிரக்கணக்கில் தேவை. ஒரே சிலிக்கன் வட்டில் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களைச் செய்து, பிறகு அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கம்பி வைத்து, மறுபடியும் ஒன்றோடொன்று ஈயப்பற்று வைத்து இணைத்தார்கள். வெட்டியதையே திரும்ப ஒட்டும் வேலை. ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் முழுக் கருவியும் பழுது.

ஃபேர்சைல்டில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜான் ஹோர்னி 1959இல் ஒரு புதிய முறையைச் செயல்படுத்தினார். சிலிக்கனைச் சூடாக்கினால் அதன்மேல் கண்ணாடி போன்ற ஆக்சைடு படலம் உருவாகும். அதுவரை அதை அழுக்கு என்று கழுவி எடுத்துவிடுவார்கள். ஹோர்னி அதை அப்படியே விட்டார். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் பாத்தேக் துணி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு இல்லாத இடத்தில் மட்டும் ஏறும். ஆக்சைடு படலமும் அந்த மெழுகு மாதிரிதான். அதில் சிறு சன்னல்களைத் திறந்து, அவற்றின் வழியே மட்டும் வேண்டிய வேதிப்பொருளைச் சிலிக்கனுக்குள் செலுத்தலாம். பாத்தேக்கில் கடைசியாக மெழுகைக் கரைத்து எடுப்பார்கள், ஹோர்னி எடுக்கவில்லை. படலம் டிரான்சிஸ்டருக்கு மூடியாகவே இருந்து தூசியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தது.

நோய்ஸ் இதைப் பார்த்து அடுத்த படியை யோசித்தார். படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதன்மேலேயே அலுமினியக் கோடுகளைப் படியவைக்கலாம்; சன்னல் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு உள்ளே இறங்கித் தொடும்; மற்ற இடங்களில் எதையும் தொடாமல் மேலேயே போகும். டிரான்சிஸ்டர்களை வெட்டவே வேண்டாம். கம்பியும் வேண்டாம். முழுச் சுற்றையும் ஒரே துண்டில் அச்சடித்துவிடலாம். 1959 ஜனவரி 23ஆம் நாள் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஆனால் அவர் முதல் ஆள் அல்லர். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி என்பவர் 1958 மே மாதத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். எல்லாரும் ஆண்டு விடுமுறைக்குப் போனபோது, புதியவர் என்பதால் விடுமுறை இல்லாமல் கூடத்தில் தனியே இருந்தார். அந்த நாள்களில் அவருக்கு இதே யோசனை வந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் ஜெர்மேனியத் துண்டு ஒன்றில் முழுச் சுற்றையும் இயக்கிக் காட்டினார். அதில் பகுதிகளை இணைத்தவை கையால் பொருத்திய தங்கக் கம்பிகள். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்ய அது ஒத்துவராது. யோசனையில் கில்பி முந்தினார். தொழிற்சாலையில் செய்யக்கூடிய வழியை நோய்ஸ் தந்தார். 1961 ஏப்ரலில் காப்புரிமை நோய்ஸுக்கு முதலில் கிடைத்தது. நிறுவனங்கள் பத்தாண்டு வழக்காடின. 1966இல் தங்களுக்குள் உரிமையைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். 1969இல் நீதிமன்றம் நோய்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் அந்த இரண்டு மனிதர்களும் ஒருவரை ஒருவர் தாழ்த்திப் பேசவில்லை.

நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் வழிகாட்டிக் கணினி இத்தகைய சில்லுகளால் ஆனது. வெளிச் சந்தையில் விலை அதிகம் என்று யாரும் வாங்காதபோது, 1964இல் நோய்ஸ் செய்யும் செலவைவிடக் குறைந்த விலைக்குச் சில்லுகளை விற்கச் சொன்னார். அதிகம் விற்றால் செலவு தானே குறையும் என்ற கணக்கு. பலித்தது.

1968 ஜூலையில் அவரும் கோர்டன் மூரும் ஃபேர்சைல்டை விட்டு வெளியேறி இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். திட்ட அறிக்கை ஒரே பக்கம்தான். நோய்ஸே தட்டச்சு செய்தார். முதலீடு திரட்டியபோது கிரின்னல் கல்லூரி தரப்பிலிருந்து 3 லட்சம் டாலர் வந்தது. பன்றிக்கு அவருக்காகப் பணம் கட்டிய அதே கல்லூரி. இப்போது அவர் அதன் அறங்காவலர்களில் ஒருவர். அந்த முதலீடு பிறகு பல மடங்காகத் திரும்பி, கல்லூரியின் நிதிநிலையையே மாற்றியது. 1971 நவம்பரில் வந்த 4004 என்ற நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதை வடிவமைத்தவர்கள் டெட் ஹாஃப், ஃபெடெரிக்கோ ஃபஜின், ஸ்டான் மேசர், ஜப்பானியரான மசாதோஷி ஷிமா ஆகியோர். நோய்ஸின் பங்கு, அவர்களைச் செய்யவிட்டது.

1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையைப் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்தில் திறந்தது. அன்றைய முதலமைச்சர் துன் லிம் சோங் இயூ தீவில் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்துக்கொண்டிருந்தார். 1975இல் அந்த ஆலை தீயில் எரிந்து, மீண்டும் எழுந்தது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு அது முதல் மாதச் சம்பளம் கொடுத்த இடம்; தோட்டத்தை விட்டு வெளியே வர வழி காட்டிய இடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனித்த கார் நிறுத்துமிடம், தனி அறை எதுவும் வேண்டாம் என்று எல்லா ஊழியர்களோடும் சமமாக உட்கார்ந்த அந்த நோய்ஸ், தொழிற்சங்கம் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். இங்கும் மின்னியல் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் அமைக்க நீண்ட காலம் அனுமதி இல்லை. நுண்நோக்கியில் கண் வைத்த பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், சமத்துவம் என்ற சொல்லுக்கு அர்த்தம் கொஞ்சம் மாறித்தான் போகும்.

அவரிடம் வேறு குறைகளும் இருந்தன. யாரையும் கடிந்து பேச வராது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். 1974ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் இன்டெல் பலரை வேலையை விட்டு அனுப்ப நேர்ந்தபோது மிகவும் உடைந்துபோனார். அதே ஆண்டு முதல் திருமணமும் முறிந்தது. அடுத்த ஆண்டு அன்றாட நிர்வாகத்தை மூரிடம் கொடுத்துவிட்டு வாரியத் தலைவர் பொறுப்புக்கு ஒதுங்கினார். கணினி உலகத்தின் அடுத்த தலைமுறை அவர் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தது அப்போதுதான். ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற இளைஞர் அவர்களில் ஒருவர்.

1988இல், ஓய்வெடுக்கும் வயதில், அமெரிக்கச் சில்லு நிறுவனங்கள் சேர்ந்து டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அமைத்த செமாடெக் என்ற ஆய்வு அமைப்புக்குத் தலைமையேற்றார். ஜப்பானின் போட்டியில் அமெரிக்கத் தொழில் தடுமாறிய காலம் அது. கல்லூரிக் காலத்து நீச்சல் பழக்கம் அப்போதும் விடவில்லை. புகைப் பழக்கத்தையும் கடைசிவரை அவரால் விட முடியவில்லை. 1990 ஜூன் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் நீந்திவிட்டு வந்தவர் மாரடைப்பால் இறந்தார். வயது 62.

பத்தாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி ஒருங்கிணைந்த மின்சுற்றுக்காக ஜாக் கில்பிக்குக் கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு தருவதில்லை. ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய உரையில் கில்பி நோய்ஸின் பெயரைச் சொன்னார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பரிசை இருவரும் சேர்ந்தே பெற்றிருப்போம் என்பதையும் மறைக்கவில்லை.